ஹனோயில் நான்கு கோல், குருபோங்கில் ஒரு மேசை

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் காற்பந்துப் பேச்சு தானாகவே வந்துவிடும். ஆசியான் கிண்ணப் போட்டி பல ஆண்டுகளாக வருடக் கடைசியில் நடந்ததால் ஏற்பட்ட பழக்கம் இது. "ஹனோய்ல போய் நாலு அடிச்சோமே, மறந்துட்டியா?" என்று அப்பா ஆரம்பிப்பார். நான் மறக்கவில்லை. மறக்க முடியாததற்குக் காரணம் அந்த நான்கு கோல்கள் மட்டும் இல்லை.

நாங்கள் இருப்பது மலாக்கா, குருபோங். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் உடனே நினைவுக்கு வருவது ஹங் ஜெபாட் விளையாட்டரங்கம்தான். சுமார் 40 ஆயிரம் பேர் உட்காரலாம். அதைச் சுற்றி தாமான்கள், தொழிற்சாலைகள், தொழிலாளர் விடுதிகள். அப்பா சின்ன வயதில் பால் மரம் சீவிய தோட்டம் இப்போது வரிசை வீடுகளாகிவிட்டது. நான் பாயா ரும்புட் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். 2014ல் இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். எனக்குக் கீழே இருபத்திரண்டு பேர். அவர்களில் ஒன்பது பேர் வியட்நாம் பிள்ளைகள்.

அந்த ஆண்டு ஆசியான் போட்டியில் (அப்போது சுசுகி கிண்ணம் என்று பெயர்) மலேசியா தட்டுத்தடுமாறித்தான் அரையிறுதிக்கு வந்தது. மியன்மாரிடம் கோல் இல்லாத சமநிலை. தாய்லாந்திடம் 2-3 தோல்வி. சிங்கப்பூரில், சிங்கப்பூர்க்காரர்கள் கண் முன்னால், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 3-1 என்று ஜெயித்து ஒரு வழியாக உள்ளே நுழைந்தோம். அரையிறுதியில் எதிரணி வியட்நாம். முதல் ஆட்டம் டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, ஷா ஆலம் அரங்கில்.

நான் பார்த்தேன், நடந்து போய்விட்டேன்

அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். குருபோங்கிலிருந்து மூன்று பேர் ஒரே காரில் கிளம்பினோம். அரங்க வாசலில் மலேசியச் சட்டையோடு ஒரு படம் எடுத்து முகநூலில் போட்டேன். "இன்றைக்கு விடமாட்டோம்" என்று கீழே எழுதினேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பினால்டி கிடைத்து, கேப்டன் சாபிக் ரஹிம் கோலாக்கினார். ஆனால் முற்பாதி முடிவதற்குள் வியட்நாம் சமப்படுத்திவிட்டது. பிற்பாதியில் இன்னொன்று. சொந்த மண்ணில் 1-2 தோல்வி.

இறுதி விசில் ஊதியதும் வியட்நாம் ரசிகர்கள் இருந்த பக்கம் கூச்சல் கேட்டது. அவர்களில் பலர் நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, கொடியை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவர்கள். நம் பக்கத்து ரசிகர்களில் ஒரு கும்பல் அவர்கள் மேல் பாய்ந்தது. தூரத்திலிருந்து பார்த்த எனக்கு முதலில் தள்ளுமுள்ளு மாதிரிதான் தெரிந்தது. வெளியே வந்தபோது ஒருவன் தலையைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி நடந்து போனான். துண்டில் ரத்தம்.

"வா வா, இங்க நிக்காத, பிரச்சனை ஆயிடும்," என்றான் நண்பன். நான் நிற்கவில்லை. காருக்கு நடந்துவிட்டேன். சிரம்பானைத் தாண்டும் வரை நாங்கள் மூவரும் பேசியது தற்காப்பு ஆட்டக்காரர்கள் விட்ட தவறைப் பற்றி மட்டும்தான்.

மறுநாள் காயம்பட்டவர்களின் படங்கள் எல்லா இடத்திலும் வந்தன. அப்போதைய இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் கைரி ஜமாலுடின் வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார். ஒரு காற்பந்து ஆட்டத்துக்காக அமைச்சர் அண்டை நாட்டிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை. எங்கள் நாட்டைப் பற்றி எனக்கு வெட்கம் வந்தது. என்னைப் பற்றி வெட்கம் வந்தது அதற்கு அடுத்த நாள்தான்.

புருவத்தில் நான்கு தையல்

திங்கட்கிழமை என் லைனில் ஒரு வியட்நாம் தம்பி வேலைக்கு வரவில்லை. எம்.சி. என்றார்கள். செவ்வாய்க்கிழமை வந்தான். இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்டர்.

அவன் அதிகம் பேசமாட்டான். மூன்று வருடத்தில் அவன் கற்றுக்கொண்ட மலாய், எங்கள் இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. என்னை "பாங்" என்று கூப்பிடுவான்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஜத்துஹ், பாங்," என்றான். விழுந்துவிட்டானாம். எங்கே விழுந்தான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று முழுவதும் அவன் கை வேலையில் இருந்தது. என் கண் அந்தப் பிளாஸ்டரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் காற்பந்துப் பைத்தியம். ஸ்பைடர்மேன் என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆறுமுகம் 1988ல் கார் விபத்தில் இறந்தபோது அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். 2010ல் ராஜகோபால் பயிற்சி தந்த அணி இந்தோனேசியாவை வென்று ஆசியான் கிண்ணத்தைத் தூக்கியபோது, நம் இனத்து மனிதர் ஒருவர் நாட்டுக்கே வாங்கித் தந்த கிண்ணம் என்று தாமான் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படிப்பட்டவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு லோரிக் கதையைச் சொன்னார்.

லோரியில் போன ஆட்டம்

எழுபதுகளில் நடந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்து அணி இருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் லோரியைக் கழுவி, அதில் ஆட்டக்காரர்கள் ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போவார்கள். பாதிப் பேருக்குக் காலணி இருக்காது. அப்படி ஒரு நாள், இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ஒரு தோட்டத்தில் இறங்கி, அவர்கள் திடலிலேயே அவர்களை 7-0 என்று அடித்திருக்கிறார்கள். அப்பா மட்டும் மூன்று கோல்.

"ஜெயிச்ச திமிருல லோரியில ஏறி தகரத்தைத் தட்டிப் பாட்டுப் பாடுனோம்டா. திடலைச் சுத்தி ரெண்டு ரவுண்டு. மூணாவது ரவுண்டுல கல்லு வந்துச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கன்னம் கிழிந்தது. சண்டைக்கு இறங்கப் போனவர்களைத் தடுத்தது அந்தத் தோட்டத்துக் கங்காணியின் மனைவி. லோரிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாராம். காயம்பட்டவரைத் தன் லயத்து வீட்டுக்குக் கூட்டிப் போய் மஞ்சள் வைத்துக் கட்டினார். பிறகு எல்லோருக்கும் சோறு. நெத்திலிச் சம்பலும் ரசமும். கல் எறிந்த பையன்களில் ஒருவன்தான் தண்ணீர் ஊற்றினானாம்.

"ஏழு கோல்ல ஒண்ணுகூட இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. அந்தம்மா முகம் மட்டும் ஞாபகம் இருக்கு," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "நீ அந்தப் பையன்கிட்ட ஏன் பேசல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நாற்பத்து மூன்று நிமிடத்தில் நான்கு

டிசம்பர் 11, வியாழக்கிழமை. இரண்டாவது ஆட்டம் ஹனோய் நகரின் மீ டின் அரங்கில். வியட்நாமுக்குச் சமநிலை போதும். இறுதியாட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் நாம் ஜெயித்தே ஆக வேண்டும். 40 ஆயிரம் பேர் கத்தும் அரங்கில், அதுவும் நான்கு நாளைக்கு முன் நடந்த அந்த அசிங்கத்துக்குப் பிறகு. நம்பிக்கையோடு இருந்தவர்களை அன்று நான் பார்க்கவில்லை.

இரவு குருபோங்கில் நாங்கள் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடைக்கு அப்பாவும் நானும் போனோம். பெரிய திரை கட்டியிருந்தார்கள். கடை நிரம்பிவிட்டது. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். மூலையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில், நான்கு வியட்நாம் பையன்கள். விடுதியில் தொலைக்காட்சி இல்லாததால் வந்திருந்தார்கள். கொடி இல்லை, சிவப்புச் சட்டை இல்லை. நடுவில் என் லைன் தம்பி, புருவத்தில் பிளாஸ்டரோடு.

நான் தலையாட்டினேன். அவனும் தலையாட்டினான். அவ்வளவுதான்.

நான்காவது நிமிடம் நமக்குப் பினால்டி. சாபிக் ரஹிம் அடித்தார், உள்ளே போனது. கடை அதிர்ந்தது. பதினாறாவது நிமிடம் நோர்ஷாருல் இட்லான். இரண்டு. தே தாரே கிளாஸ் ஒன்று கீழே விழுந்து உடைந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டாவது நிமிடம் வியட்நாமுக்குப் பினால்டி. லே கோங் வின் அடித்தார். 2-1. மூலை மேசையில் ஒரு சின்ன அசைவு, கைதட்டல்கூட இல்லை. மேசைக்குக் கீழே ஒருவன் முஷ்டியை இறுக்கியதை மட்டும் பார்த்தேன்.

இருபத்தொன்பதாவது நிமிடம் வியட்நாம் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பட்டு பந்து அவர்களுடைய வலைக்குள்ளேயே போனது. சொந்த கோல். நாற்பத்து மூன்றாவது நிமிடம் ஷுக்கோர் அடான். நான்கு! திரையில் மீ டின் அரங்கம் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. எங்கள் கடையில் மேசை மேல் ஏறி நின்றவர்கள் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நானும் கத்தினேன். உண்மையைச் சொல்வதென்றால், என் வாழ்க்கையில் ஒரு காற்பந்து ஆட்டத்துக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த நாற்பத்து மூன்று நிமிடம்தான். சொந்த மண்ணில் தோற்று, தலை குனிந்து போனவர்கள் அடுத்தவன் கோட்டையில் 4-1 என்று முன்னணியில் இருந்தால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்?

அப்போது யாரோ ஒருவர் மூலை மேசையைப் பார்த்துக் கத்தினார். "ஊருக்குப் போங்கடா" என்ற அர்த்தத்தில் மலாயில். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பையன்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நால்வரில் ஒருவன் காசை எடுத்து மேசையில் வைத்தான், எழுந்து போகத் தயாராக.

அப்பா எழுந்தார்

அப்பா எதுவும் பேசவில்லை. தன் கிளாஸை எடுத்தார். ஒரு கையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேராக மூலை மேசைக்குப் போய் அவர்கள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மலேசியச் சட்டை போட்ட அறுபது வயதுக்காரர். கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த மேசைக்கு ரொட்டி சானாய் எட்டு, குழம்பு தனியா," என்றார்.

கத்திய ஆள் வாயை மூடிக்கொண்டார். அவரை யாரும் திட்டவில்லை, எதுவும் சொல்லவில்லை. அப்பா உட்கார்ந்ததே போதுமானதாக இருந்தது.

நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இடைவேளை நேரம். திரையில் விளம்பரம் ஓடியது. தம்பி எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை நானும் ஷா ஆலம் வந்திருந்தேன்," என்றேன் மலாயில். "நடந்ததைப் பார்த்தேன். ஒண்ணும் செய்யாம போயிட்டேன்."

அவன் ரொட்டியைப் பிய்த்தபடி என்னைப் பார்த்தான்.

"தெரியும், பாங். முகநூல்ல உங்க படம் பார்த்தேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் நான் "என்ன ஆச்சு?" என்று கேட்டபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்றா, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றா, எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். "தாக் அபா," என்றான். பரவாயில்லை என்பதற்கு இந்த நாட்டில் பிழைக்க வரும் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வார்த்தை அது. நம் தாத்தா பாட்டிகளும் கப்பலில் வந்து இறங்கி, எத்தனை பேரிடம் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருப்பார்களோ.

பிற்பாதியை அந்த மேசையில்தான் பார்த்தேன். எழுபத்தொன்பதாவது நிமிடம் லே கோங் வின் இன்னொரு கோல் போட்டார். 4-2. இன்னும் ஒன்று விழுந்தால் மொத்தக் கணக்கு 5-5. கடையில் அத்தனை பேருக்கும் நெஞ்சு படபடத்தது. என் பக்கத்தில் நான்கு பேர் கைகளைக் கோத்துக்கொண்டார்கள். அந்தப் பத்து நிமிடமும் அவர்களுக்கு ஒரு கோல் வேண்டும், எனக்கு அது வேண்டாம். தோளோடு தோள் இடித்தபடி ஒரே திரையைப் பார்த்து எதிரெதிராக வேண்டிக்கொண்டோம். காற்பந்து பார்ப்பதில் இப்படியும் ஒரு சுகம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

விசில் ஊதியது. 4-2, மொத்தம் 5-4. மலேசியா இறுதியாட்டத்தில். அப்பா முதலில் அந்த நால்வருக்கும் கை கொடுத்தார். பிறகுதான் எங்கள் ஆட்களோடு சேர்ந்து கத்தப் போனார். வரிசையைக் கவனியுங்கள் என்று என்னிடம் அவர் சொல்லவில்லை. நானே கவனித்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது

கிண்ணம் நமக்குக் கிடைக்கவில்லை. பேங்காக்கில் 0-2. டிசம்பர் 20, புக்கிட் ஜாலிலில் 3-0 என்று முன்னால் இருந்து, கடைசிப் பத்து நிமிடத்துக்குள் தாய்லாந்திடம் இரண்டு கோல் வாங்கினோம். அன்று 3-2 என்று ஜெயித்தும் மொத்தக் கணக்கில் 3-4 என்று தோற்றோம். காற்பந்து அப்படித்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நம் அணி ஒரே வாரத்தில் அமெரிக்காவை 3-0 என்று வென்று, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றது என்று அப்பா அடிக்கடி சொல்வார். இன்றைக்கு அடிப்பவன் நாளைக்கு வாங்குவான்.

தம்பி 2016ல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனான். அதே ஆண்டில் மலாக்கா யுனைடெட் பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்றது. போவதற்கு முன் அவனை ஹங் ஜெபாட் அரங்கில் ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். எங்களுக்கு நடுவில் அப்பா உட்கார்ந்து கச்சான் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2018ல் ஆசியான் இறுதியாட்டத்தில் மீண்டும் மலேசியாவும் வியட்நாமும். முதல் ஆட்டம் புக்கிட் ஜாலிலில், அதே டிசம்பர் 11ஆம் தேதி. 2-2. நான்கு நாள் கழித்து, அதே மீ டின் அரங்கில் வியட்நாம் 1-0 என்று ஜெயித்துக் கிண்ணத்தைத் தூக்கியது. அவர்களுக்குப் பத்து ஆண்டுக் காத்திருப்பு. விசில் ஊதி ஐந்து நிமிடம் இருக்கும், என் கைப்பேசி ஒலித்தது. ஹனோய்த் தெருவில் சிவப்புக் கொடிகளுக்கு நடுவே அவன் நிற்கும் படம். புருவத்துக்கு மேல் கோடு மாதிரி தழும்பு. கீழே மலாயில் இரண்டு வரி. "பாங், இந்த முறை நாங்க. அப்பாவுக்கு ரொட்டி சானாய் நான் வாங்கித் தரணும்னு சொல்லுங்க."

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா ஆடுனாங்கன்னு எழுது," என்றார். "எழுதிட்டு, கடையைச் சாத்துறதுக்குள்ள வா, போய்ச் சாப்பிட்டுட்டு வரலாம்."

எழுதினேன். போனோம். மூலை மேசை காலியாக இருந்தது, அதிலேயே உட்கார்ந்தோம்.